திட்டினால் விளையாட்டு திருந்தாது

பாலிக் புலாவில் வாங்கிய டுரியான் சரியாகப் பழுக்கவில்லை என்றால் கடைக்காரரிடம் சொல்லி மாற்றிக் கொள்கிறோம். அவரை மிரட்டுவதில்லை. கணினி, கைப்பேசி விளையாட்டுகளில் மட்டும் சிலர் அந்த எல்லையை மறந்து விடுகின்றனர்.

பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரிலும் கிளை உண்டு. அதன் 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டு 2020 அக்டோபரில், முழுமை பெறாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. விளையாடியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்திய பிறகு, 2023 ஆகஸ்டில் முழு வடிவம் வெளியானது. அப்படிக் காது கொடுத்த நிறுவனத்தின் ஊழியர்களுக்கும் மிரட்டல் வந்தது. தலைவர் ஸ்வென் வின்கே 2024-இல் அதை வெளிப்படையாகக் கண்டித்தார்.

நியாயமான எதிர்ப்புக்குப் பலன் உண்டு. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டைக் கணினியில் ஆடுவோருக்குச் சோனி கணக்கு கட்டாயம் என்ற அறிவிப்பு, கடும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஆனால் விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் கும்பலாகக் குவியும் மதிப்புரைகளை, விற்பனைத் தளமான ஸ்டீம் 2019 முதல் மதிப்பெண் கணக்கில் சேர்ப்பதில்லை.

மலேசியாவில் இது சட்டப் பிரச்சினையும்கூட. 2025 ஜூலை 11-இல் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தத்தின்படி, பிறரைத் துன்புறுத்தும் நோக்கில் மிரட்டினாலோ இழிவாகப் பேசினாலோ மூன்றாண்டு வரை சிறை விதிக்கப்படலாம்.

பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதைச் சொல்லித் தரலாம்: கைப்பேசி வகை, விளையாட்டின் பதிப்பு, கோளாறு வந்த இடம், நேரம் ஆகியவற்றை எழுதி, திரையைப் படம் பிடித்து அனுப்புங்கள். திருத்துபவருக்கு உதவுவது அதுதான்.