பவளத்தைத் தின்னும் புழு

காட்டில் தனித்து நிற்கும் ஒரு மரத்தில் பூச்சி இருந்தாலும் அது நம் கண்ணில் படுவதில்லை. அதே மரத்தை வரிசை வரிசையாக நட்டுத் தோப்பாக்கினால், அந்தப் பூச்சி பெருகித் தோப்பையே அழித்துவிடக்கூடும். உழவர்கள் நன்கறிந்த இவ்வுண்மையை, கடல்நீர்த் தொட்டிகளில் பவளம் வளர்ப்பவர்கள் அரை நூற்றாண்டுக் காலத்தில் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார்கள். கற்பித்தது ஒரு தட்டைப்புழு.

பவளம் ஒரு விலங்கு என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். எண்ணற்ற சிறு உயிர்கள் ஒன்றுகூடிச் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன. அக்கூட்டின் மேல் மெல்லிய தோல்போல உயிருள்ள திசு போர்த்தியிருக்கும். திசுவின் உள்ளே ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு தருகின்றன. ஆகவே பவளம் வாழ நல்ல ஒளி, தூய நீர், மாறாத வெப்பநிலை ஆகிய மூன்றும் வேண்டும். ஒரு கண்ணாடித் தொட்டியில் இம்மூன்றையும் அமைத்துத் தருவது எளிதன்று. ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் ஒட்டியிருக்கும் கடற்பாறைகளைத் தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளால் நீரை இயக்கி, இயற்கை முறையில் பவளங்களை வளர்த்தார். அம்முறையை 1961-ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகையில் விளக்கி எழுதினார். தொட்டிக்குள் பவளம் வாழும் என்பது இவ்வாறு பலருக்கும் தெரியவந்தது.

பவளம் வந்தால் அதன் பகையும் உடன் வரும் அன்றோ? ஹவாய்த் தீவுகளில் ஆய்வு நடத்திய ஜோகியல், டவுன்ஸ்லி என்னும் இரு அறிஞர்கள், மோன்டிப்போரா என்ற பவளத்தின்மீது வாழும் ஒரு தட்டைப்புழுவைப் பற்றி 1974-இல் எழுதினார்கள். அப்புழு மோன்டிப்போராவின் திசுவையன்றி வேறெதையும் நாடவில்லை. ஆய்வுத் தொட்டிகளில் அது பெருகிப் பவளங்களை அழித்தது. 1975-இல் அதற்குப் பிராஸ்தியோஸ்டோமம் மோன்டிப்போரே என்று பெயரிடப்பட்டது. அந்நாளில் இச்செய்தி ஆய்வாளர்களிடையே மட்டும் நின்றுவிட்டது.

பின்னர் வீட்டுத் தொட்டிகளில் பவளம் வளர்ப்பது பல நாடுகளில் பரவியது. பவளத்தின் ஒரு கிளையை ஒடித்து ஒட்டினால் அது புதிய பவளமாக வளரும். அழகிய கிளைகளையுடைய அக்ரோப்போராப் பவளத்தின் துண்டுகள் இவ்வாறு கைமாறின. அவற்றோடு மற்றொரு தட்டைப்புழுவும் தொட்டிக்குத் தொட்டி பயணம் செய்தது. 2011-இல் கேட் ராலின்சனும் அவர் குழுவினரும், தொட்டிகளிலிருந்து கிடைத்த புழுக்களைக் கொண்டே அதை விவரித்துப் பெயரிட்டார்கள். மறு ஆண்டுதான் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவருகே, இயற்கையான கடற்சூழலில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கடலில் மறைந்திருந்த ஓர் உயிர், தொட்டியில் பூச்சியாக மாறிய பின்னரே நமக்கு அறிமுகமாயிற்று!

இது ஏன் கண்ணில் படவில்லை? பவளத் திசுவில் நீல ஒளியை ஏற்றுப் பச்சை ஒளியை வெளிவிடும் புரதங்கள் உண்டு. புழு திசுவைத் தின்னும்போது இப்புரதங்களும் பாசிகளும் அதன் உடலுக்குள் சேர்கின்றன. எனவே புழுவும் பவளத்தின் நிறத்திலேயே தோன்றுகிறது. இங்கிலாந்தின் சௌதாம்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதை 2014-இல் விளக்கினார்கள்.

இனி மருத்துவத்துக்கு வருவோம். 1966-இல் பெல்ஜிய நாட்டில் கால்நடைகளின் குடற்புழுவுக்காக ஒரு மருந்து கண்டறியப்பட்டது. அதிலிருந்து பிறந்தது லெவமிசோல். இது புழுவின் தசைகளை இறுகச் செய்து செயலிழக்க வைக்கிறது. இம்மருந்து கலந்த கடல்நீரில் பவளத்தைச் சிறிது நேரம் அமிழ்த்தி, நீரைப் பீய்ச்சினால், பிடி தளர்ந்த புழுக்கள் உதிர்ந்துவிடும். அளவு மிகுந்தால் பவளத்துக்கே கேடு. ஆயினும் சில வாரங்களில் புழுக்கள் மீண்டும் தோன்றின. காரணம் என்ன?

முட்டைகளே காரணம். திசு அழிந்து வெளுத்த சுண்ணாம்புப் பகுதியில் புழு முட்டையிடுகிறது. முட்டைகளைச் சுற்றியுள்ள உறுதியான கூடு மருந்தை உள்ளே விடுவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்துக்குத் தப்பிய முட்டைகளிலிருந்து 20 புழுக்கள் வந்தன என்றும், ஒவ்வொன்றும் 20 புழுக்களுக்கு வித்திடுகிறது என்றும் கொள்வோம். அடுத்த தலைமுறையில் 400, அதற்கடுத்து 8,000! பெருக்குத்தொடரின் வலிமை இது.

ஆகவே மருந்தைக் கூட்டுவதில் பயனில்லை; நாளை எண்ண வேண்டும். முட்டை பொரித்த பின், வெளிவந்த குஞ்சு வளர்ந்து முட்டையிடும் முன், அடுத்த முறை மருந்து தர வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு? நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் பார்ட்டனும் அவர் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பம் கூடினால் முட்டை விரைந்து பொரிக்கிறது என்றும், குறைந்தால் தாமதமாகிறது என்றும் அளந்து காட்டினார்கள். ஒரே கால அட்டவணை எல்லாத் தொட்டிகளுக்கும் பொருந்தாது என்பது தெளிவாயிற்று. முட்டைகளைக் கத்தியால் சுரண்டி எடுப்பதும், புதிய பவளத்தைத் தனித் தொட்டியில் பல வாரம் வைத்துப் பார்ப்பதும் மருந்துக்குத் துணை செய்கின்றன.

இயற்கையின் வழியும் ஒன்று உண்டு. புழுக்களைத் தேடித் தின்னும் ஆறு கோட்டுச் சிறு மீனையும், புழுவோடு முட்டைக் கூட்டையும் உண்ணும் ஒரு சிறு இறாலையும் அதே குழுவினர் 2020-இல் சோதித்தார்கள். அவை புழுக்களின் தொகையைக் குறைத்தன. தொட்டியில் நாம் விலக்கிவிட்ட எதிரிகளையே மீண்டும் அழைத்துவந்தோம் என்று இதைக் கூறலாம்.

இது பொழுதுபோக்கு வளர்ப்பாளரின் கவலை மட்டுமன்று. அழிந்துவரும் பவளத் திட்டுகளைப் புதுப்பிக்க, உலகின் பல இடங்களில் பவளக் கன்றுகளை வளர்த்துக் கடலில் நடுகிறார்கள். அந்தக் கன்றின் வெளுத்த அடிப்பகுதியில் கடுகினும் சிறிய முட்டைக் கூடு ஒன்று ஒட்டியிருந்தால், புழுவை அடக்கும் எதிரிகள் இல்லாத புதிய கடலுக்குள் நாமே அதைக் கொண்டுசேர்த்தவர்களாவோம். பவளக் கன்றை நடும் கை, முதலில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்ப்பது நல்லது.