சேணப்பையிலிருந்து காருக்கு

டெக்சாஸ் சட்டமன்றம் 1871 ஏப்ரலில் இயற்றிய ஆயுதச் சட்டத்தில் குதிரை வாசனை அடிக்கும். உடம்பில் மட்டுமல்ல, சேணத்திலோ சேணப்பையிலோகூடக் கைத்துப்பாக்கி இருக்கக் கூடாது என்றது அது. மீறினால் 25 முதல் 100 டாலர் வரை அபராதம், ஆயுதமும் பறிபோகும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஆறே ஆண்டுகள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள்; ஊருக்கு ஊர் கொலைகள். ஆளுநர் எட்மண்ட் டேவிஸின் அரசு ஒழுங்கை நிலைநாட்டத் தவித்த காலம் அது.

சில விலக்குகளும் இருந்தன. சொந்த வீட்டிலும் நிலத்திலும் வைத்திருக்கலாம். பயணம் போகிறவர் மூட்டை முடிச்சோடு ஆயுதம் கொண்டுபோகலாம். நாள்கணக்கில் ஆளரவமற்ற வழியில் குதிரையில் போகிறவருக்கு அது நியாயமான சலுகைதான்.

ஆனால் பயணி என்பவர் யார்? அதைச் சட்டம் சொல்லவில்லை.

அந்த மௌனம் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. எத்தனை மைல் போனால் பயணம்? வழியில் இரவு தங்க வேண்டுமா? மாவட்ட எல்லையைத் தாண்டினால் போதுமா? நீதிபதிகள் வழக்குக்கு வழக்கு எடைபோட்டார்கள். இதற்கிடையில் கார் வந்தது. குதிரையில் இரண்டு நாள் பிடித்த தூரம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. பயணம் என்ற சொல்லின் பழைய பொருளும் கூடவே கரைந்தது. காரில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் துப்பாக்கி, உடம்பில் இருப்பதற்குச் சமம் என்று நீதிமன்றங்கள் கொண்டன. ஆக, ஒரே துப்பாக்கி ஒருவருக்குக் குற்றம், இன்னொருவருக்கு உரிமை. முடிவு முதலில் சாலையோரம் நிறுத்திக் கேட்கும் காவலர் கையில். ஒரு சட்டம் செய்யக்கூடிய பெரிய அநீதி இதுதான்: தான் குற்றவாளியா இல்லையா என்பது குடிமகனுக்கே தெரியாத நிலை.

இந்தக் குழப்பம் நீடிக்கும்போதே, 1991 அக்டோபர் 16 அன்று டெக்சாஸின் கிலீன் நகர உணவகம் ஒன்றின் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி உள்ளே பாய்ந்தது. ஓட்டி வந்தவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே பெற்றோரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த சுசானா ஹப் தன் ரிவால்வரை வெளியே காரில் விட்டு வந்திருந்தார். அப்போது மறைத்து எடுத்துச் செல்வது குற்றம். பிடிபட்டால் கைரோபிராக்டிக் மருத்துவம் செய்யும் உரிமம் போய்விடும் என்ற பயம். அப்பாவும் அம்மாவும் அன்றே இறந்தார்கள். அவர் கையில் ஆயுதம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் அறுதியிட முடியாது. ஆனால் அந்த மகளின் சாட்சியம் டெக்சாஸ் அரசியலையே திருப்பியது. மறைத்து எடுத்துச் செல்வது பற்றிப் பொது வாக்கெடுப்பு நடத்தும் மசோதாவை 1993இல் ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் நிராகரித்தார். அடுத்த ஆண்டு தேர்தலில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷிடம் தோற்றார். புஷ் 1995இல் உரிம முறைக்குக் கையெழுத்திட்டார். 1996இல் ஹப் தாமே மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

உரிமம் இல்லாதவர் காரில் வைத்திருந்தால்? பழைய சிக்கல் அப்படியே இருந்தது. 2005இல் சட்டமன்றம் ஒரு வழி கண்டது: தனியார் வாகனத்தில், வெளியே தெரியாமல் துப்பாக்கி வைத்திருப்பவரைச் சில நிபந்தனைகளோடு பயணி என்றே கருத வேண்டும். அதன் பிறகும் சில அரசு வழக்கறிஞர்கள் கைது செய்யலாம் என்றே வாதிட்டார்கள். எனவே 2007இல் பயணி என்ற சொல்லைச் சுற்றிவளைக்காமல், தன் காரில் மறைவாக வைத்திருப்பதே குற்றமல்ல என்று எழுதினார்கள். 2011இல் வந்த சட்டப்படி, ஊழியர் பணியிட வாகன நிறுத்தத்தில் பூட்டிய காரில் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியைப் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது. 2021 செப்டம்பர் முதல், 21 வயதான, சட்டத்தால் விலக்கப்படாத ஒருவர் கைத்துப்பாக்கியை உறையில் செருகியிருந்தால், காருக்குள் அது வெளியே தெரிந்தாலும் குற்றமில்லை, உரிமமும் தேவையில்லை.

சேணப்பையின் இடத்தை டேஷ்போர்டுப் பெட்டி பிடித்துக்கொண்டது. பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் உள்ளே கொண்டுபோக முடியாத துப்பாக்கி, வாகன நிறுத்தத்தில் அந்தப் பெட்டிக்குள் காத்திருக்கிறது. கார் கண்ணாடியை உடைத்து அதைத் திருடிப் போவது இன்று அமெரிக்க நகரக் காவல்துறையினருக்கு ஒரு பெரிய தலைவலி.