பூலித்தேவர் ஓபி ஹீரோவா?

இன்னைக்கு ஒரு பழைய சண்டையில இருந்து ஆரம்பிக்கலாம். கோகுவும் சைத்தாமாவும் மோதினா யார் ஜெயிப்பாங்கன்னு அனிமே பார்க்கிற எல்லாரும் ஒரு தடவையாவது வாக்குவாதம் பண்ணியிருப்போம். இதே மாதிரி ஒரு வாக்குவாதத்தைத் தலபுராணமாகவே வைத்திருக்கிற ஊர் ஒன்று இருக்கு. தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில்.

சங்கன், பதுமன்னு ரெண்டு நாக அரசர்கள். சங்கனுக்குச் சிவன்தான் பெரியவர், பதுமனுக்குத் திருமால்தான் பெரியவர். சண்டை முடியாம கோமதி அம்மனிடம் போகிறார்கள். அம்மன் தவம் இருக்க, இறைவன் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் சங்கரநாராயணராகக் காட்சி தருகிறார். வருஷா வருஷம் நடக்கிற ஆடித்தபசுத் திருவிழா இதற்காகத்தான். அந்தக் கதை யார் ஜெயிப்பார் என்று சொல்லவே இல்லை. கேள்வியையே மாற்றிவிட்டது.

அதே கோயிலில்தான் ஒரு நிஜ ஹீரோவின் கதையும் முடிகிறது. பக்கத்து நெற்கட்டும்செவலின் பாளையக்காரர் பூலித்தேவர். 1767-க்குப் பிறகு ஆங்கிலேயர் அவரைக் கைது செய்து கொண்டுபோகும் வழியில், கோமதி அம்மனைக் கும்பிட வேண்டும் என்று கேட்டாராம். உள்ளே போனவர் ஜோதியாக மறைந்துவிட்டார் என்பது ஊர் நம்பிக்கை. கோயிலுக்குள் அவர் பெயரில் ஓர் அறையும் இருக்கு. சின்ன வயசுல இதைக் கேட்டப்போ எனக்குப் புல்லரிச்சுது. பிடிக்கவே முடியாத ஹீரோ! சுத்தமான ஓபி, அதாவது ஓவர் பவர்.

வளர்ந்து வரலாற்றைப் படித்தபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. அப்படி மறையத் தெரிந்தவர், அதற்கு முன்னால் அவ்வளவு வருஷம் ஏன் கஷ்டப்பட்டார்?

நடந்தது இதுதான். 1755-ல் கர்னல் ஹெரான், ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு கப்பம் வசூலிக்கத் திருநெல்வேலிச் சீமைக்குள் வருகிறார். பூலித்தேவர் தர மறுக்கிறார். ஹெரானிடம் கோட்டையை உடைக்கும் அளவுக்குப் பெரிய பீரங்கிகள் இல்லை. வந்த வழியே திரும்புகிறார். அடுத்து பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்க்கிறார். கப்பம் கேட்டு வந்த அதே மாபூஸ்கானையே பிறகு தன் பக்கம் இழுக்கிறார். திருவிதாங்கூரும் துணைக்கு வருகிறது.

ஆனால் அந்தக் கூட்டணி நிற்கவில்லை. திருவிதாங்கூர் பக்கம் மாறியது. மருதநாயகம் என்கிற யூசுப்கான் பெரிய பீரங்கிகளோடு வந்து, மாதக்கணக்கில் மோதி, 1761-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்தார். அந்த யூசுப்கானே பிறகு எஜமானர்களை எதிர்த்து நின்று 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். பூலித்தேவர் திரும்பி வந்தார். 1767-ல் டொனால்டு கேம்பல் படையெடுத்து வந்து மறுபடியும் கோட்டைகளை வீழ்த்தினார்.

இதுல எங்கேயாவது ஓபி ஹீரோ தெரியறாரா? எனக்குத் தெரிவது, பீரங்கி பற்றாத ஒரு மனிதர். நண்பர்களை இழந்தும், தோற்றும், மறுபடி எழுந்து வந்தவர். மறைந்து போனவரைவிட இவர்தான் எனக்குப் பெரிய ஹீரோ.

அதுக்காக அந்த நம்பிக்கையைக் கிண்டல் பண்ணக் கூடாது. தோற்ற மக்கள் தங்கள் தலைவனைத் தூக்குமேடையில் பார்க்க விரும்பவில்லை. எதிரி கையில் சிக்காத ஒரு முடிவு அவர்களுக்குத் தேவைப்பட்டது. எனக்கு உறுத்துவது வேறு விஷயம். ஒருத்தரே எல்லாமாக ஆகிவிட்டால், பக்கத்தில் நின்றவர்கள் என்ன ஆவார்கள்?

ஒண்டிவீரனை எடுத்துக்குங்க. அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த தளபதி. வாய்மொழிக் கதைப்படி எதிரி முகாமுக்குள் தனியாக நுழைந்து வைக்கோலுக்குள் ஒளிந்திருக்கிறார். குதிரை கட்ட அடித்த முளை அவர் கையில் இறங்குகிறது. ஒரு சத்தம் போடவில்லை. கையை வெட்டிக்கொண்டு, போன வேலையை முடித்துத் திரும்புகிறார். வெண்ணிக்காலாடி, தேவேந்திரகுல வேளாளர். வயிறு கிழிந்த பிறகும் தலைப்பாகைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு சண்டை போட்டவர் என்று சொல்கிறார்கள். ரெண்டு பேரும் விலை கொடுத்தார்கள். அதனால்தான் அந்தக் கதைகளைக் கேட்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ஆனால் ஒண்டிவீரனுக்கு ஒரு தபால்தலை வர 2022 வரை ஆச்சு.

இப்போ அனிமேக்கு வருவோம். 'ஒன் பஞ்ச் மேன்' சைத்தாமாவைவிட ஓபி யாரும் இல்லை. எந்த எதிரியானாலும் ஒரே குத்து. அப்புறம் எப்படி அந்தக் கதை சலிக்கவில்லை? ஆழ்கடல் அரசனோடு நடக்கிற சண்டையை ஞாபகப்படுத்திப் பாருங்க. சைக்கிளில் வருகிற முமென் ரைடருக்குத் தான் ஜெயிக்கவே முடியாது என்று தெரியும். இருந்தும் முன்னால் வந்து நிற்கிறான், அடி வாங்குகிறான். பிறகு சைத்தாமா வந்து ஒரே குத்தில் முடிக்கிறான். கூட்டத்தில் ஒருத்தன், தோற்றுப்போன ஹீரோக்களை மட்டம் தட்டுகிறான். உடனே சைத்தாமா, மற்றவர்கள் அதை முன்னாடியே பலவீனப்படுத்தி வைத்ததால்தான் தன்னால் ஜெயிக்க முடிந்தது என்று சொல்லிவிடுகிறான். பொய்தான். ஆனால் ரத்தம் சிந்தினவர்களின் மரியாதையைக் காப்பாற்றுகிற பொய்.

அதனால ஹீரோ எவ்வளவு பலசாலி என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. அவன் பக்கத்தில் நிற்கிறவர்களின் வலி கதையில் இருக்கிறதா, அவர்கள் வெறும் வேடிக்கை பார்க்கிற கூட்டமா என்பதுதான் கேள்வி. கூட்டமாகிவிட்டால் அங்கே கதை செத்துப்போச்சு.

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போனீங்கன்னா பூலித்தேவர் அறை முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. கூட வந்தவங்களுக்கு ஒண்டிவீரன் கதையையும் வெண்ணிக்காலாடி கதையையும் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.