திருச்சியைத் தருவதாகச் சொன்ன நவாப்

சர்வதேச உறவுகளில் முதுகலை படிப்பவர்களுக்கு வியன்னா, யால்டா என்றுதான் பாடம் நடக்கும். ஸ்ரீரங்கத்துக்கும் அதில் ஓர் இடம் கொடுக்கலாம்!

1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட முகமது அலி, உதவிக்கு வந்தால் திருச்சியையே தருவதாக மைசூருக்கு ரகசியமாக வாக்குக் கொடுத்தார். அங்கே சர்வாதிகாரி பதவியில் இருந்த நஞ்சராஜய்யா படையோடு வந்தார். 1752 ஜூனில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவில் சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

திருச்சி மட்டும் கைமாறவில்லை. கூட்டாளிகளான ஆங்கிலேயருக்கே இந்த ஒப்பந்தம் வெற்றிக்குப் பிறகுதான் தெரியவந்தது. கடன்காரர் போல முகமது அலி தவணை சொல்லிக்கொண்டே இருந்தார். ஸ்ரீரங்கத்தில் முகாமிட்டுக் காத்திருந்த நஞ்சராஜய்யா, பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தார். முடிந்த போர் மறுபடி தொடங்கியது.

1754 ஜனவரியில், டச்சுக்காரர் வசமிருந்த சதுரங்கப்பட்டினத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பேச உட்கார்ந்தார்கள். யார் நவாப், யாருடைய சன்னது அசல் என்ற சண்டையிலேயே பேச்சு முறிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் இரண்டு கம்பெனிகளும் தங்களுக்குள் போர்நிறுத்தம் செய்துகொண்டன. படையும் பணமும் செலவழித்த மைசூர் அதில் கையெழுத்திடவில்லை. 1755-ல் நஞ்சராஜய்யா வெறுங்கையோடு ஊர் திரும்பினார். அவர் படையில் ஹைதர் அலியும் இருந்தார்.