செல்வி என்னும் பெயர்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென அன்பர்கள் பணித்தபோது, மன்னர் கதையும் போர்க் கதையும் நம் நினைவுக்கு வரவில்லை. நாள்தோறும் நம் மேசைமேல் கிடக்கும் மாணவர் சேர்க்கைப் பதிவேடே நினைவுக்கு வந்தது. வாழப்பாடி வட்டாரத்தில் நாம் பணியாற்றிய பள்ளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டினால், பெண்மக்கள் பெயர்களில் ஒரு மாற்றம் கண்கூடாகத் தெரியும். முந்தைய ஏடுகளில் குப்பாயி, பாவாயி, அங்காயி, மாரி, சின்னப்பொண்ணு. பிந்தைய ஏடுகளில் செல்வி, தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி. இச்செல்வி எவ்வாறு நம் தெருவுக்குள் வந்தாள் என்பதையே இங்கு எழுத முற்பட்டோம்.

சொல் பழமையானது. செல்வம் உடையவன் செல்வன், உடையவள் செல்வி. சங்க நூல்கள் காட்டில் உறையும் கொற்றவையைச் செல்வி என்றே குறிக்கின்றன. ஆகவே அது முதலில் தெய்வத்தின் பெயர். பின்னரே மானிடப் பெண்ணின் பெயர். தனித்தும் நிற்கும், பிற சொற்களோடு சேர்ந்தும் நிற்கும். அருளோடு சேர்ந்தால் அருட்செல்வி, பொன்னோடு சேர்ந்தால் பொற்செல்வி, முத்தோடு சேர்ந்தால் முத்துச்செல்வி. புணர்ச்சி விதி நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கோவிலுக்குச் செல்லும் வீட்டிலும், தேவாலயத்துக்குச் செல்லும் வீட்டிலும், எதற்கும் செல்லாத வீட்டிலும் இப்பெயர் உண்டு. பெயரைக் கேட்டதும் சாதியைக் கணக்கிடும் பழக்கமுடையோர் இப்பெயரிடம் சற்றுத் திகைத்தே நிற்பர்.

பழைய பெயர்கள் அனைத்தும் இழிவானவை என்று நாம் சொல்ல வரவில்லை. முன்பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பாயி என்று பெயரிடுவர். காலன் கண் படக்கூடாது என்னும் தாயின் அச்சம் அது. எல்லாச் சாதியிலும் இருந்தது. குறை வேறிடத்தில் இருந்தது. நம் வீட்டில் அங்கம்மாள் என்று பெயரிட்டால் ஊரார் வாயில் அது அங்கி ஆகும். முனுசாமி முனியன் ஆவான். 'அம்மாள்' என்பதும் 'சாமி' என்பதும் நம் தெருப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

எழுதிய சட்டமும் உண்டு. மனு நூலின் இரண்டாம் அத்தியாயம், பிராமணன் பெயரில் மங்கலமும், சத்திரியன் பெயரில் வலிமையும், வைசியன் பெயரில் செல்வமும், சூத்திரன் பெயரில் இழிவும் தோன்ற வேண்டும் என்கிறது. நம்மவருக்கு அப்பட்டியலில் இழிந்த இடம்கூட ஒதுக்கப்படவில்லை. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் முன்னிலையில் அந்நூல் எரிக்கப்பட்டதை நம் இளைஞர் அறிவர். பெயரிடும் விதியும் அதனுள் இருந்தது என்பதைச் சிலரே அறிவர்.

இந்நிலையில் செல்வி என்னும் பெயரின் தனிச்சிறப்பைக் காணுங்கள். வைசியனுக்கென்று ஒதுக்கிய செல்வம் அதனுள் இருக்கிறது. 'அம்மாள்' போன்ற ஒட்டு இல்லாததால் வெட்டி எறிய எதுவும் இல்லை. குப்பி, அங்கி என்று இகரத்தில் சுருக்குவோர் செல்வியை எப்படிச் சுருக்குவர்? அது ஏற்கெனவே இகரத்தில்தான் முடிகிறது! ஏளனமாக அழைத்தாலும் வாயிலிருந்து மரியாதைச் சொல்லே வெளிவரும்.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் தமிழ்ப் பெயர்களுக்கு மதிப்பைத் தந்தது. சட்டமன்றத்தில் எம். சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின்பேரில் 1922-இல் சென்னை மாகாண அரசு ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. ஒரு சமுதாயமே தன் பெயரைத் தானே தேர்ந்துகொண்ட நிகழ்ச்சி அது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. நம் சேலமும் பெயர் மாற்றத்தில் பின்தங்கிய ஊரன்று. 1944 ஆகஸ்டு 27 அன்று நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது சேலத்தில்தான். 1967-இல் அமைந்த அண்ணாவின் ஆட்சியில் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்பவை திரு, திருமதி, செல்வி ஆயின. அன்றுமுதல் மணமாகாத பெண்ணுக்கு அரசுத் தாளில் அமையும் மரியாதை அடையே செல்வி. 1991-இல் முதலமைச்சரான ஜெயலலிதா அவர்களும் அவ்வடையோடுதான் குறிக்கப்பட்டார். குடிசையில் பிறந்த குழந்தை பெயராகவே சுமந்ததும் அதே சொல்தான். நம் மாணவி ஒருத்திக்குப் பாராட்டிதழ் அச்சிடக் கொடுத்தபோது 'செல்வி செல்வி' என்று எழுதியிருந்தோம். அச்சகத்தார் பிழையென்று கருதி ஒன்றை நீக்கிவிட்டார்! எதை நீக்கினார், பெயரையா, மரியாதையையா என்று இன்றளவும் நமக்கு விளங்கவில்லை.

நம் தமக்கையின் பெயரும் செல்விதான். பொதுக்கூட்டங்களுக்குத் தவறாது சென்று வந்த தந்தையார் விரும்பி இட்ட பெயர். அன்னையார் வேலைக்குச் சென்ற பண்ணை வீட்டிலும் அதே வயதில் ஒரு செல்வி இருந்தாள். ஒருநாள் அவ்வீட்டு அம்மாள் அன்னையாரை அழைத்து, "எங்க பாப்பா பேரும் செல்விதான். ஒரே பேரைச் சொன்னா ரெண்டும் திரும்பிப் பாக்குது. உம்மவளச் சின்னப்புள்ளன்னே கூப்பிட்டுக்க" என்றார். அன்னையார் "சரிங்கம்மா" என்றார். வேறென்ன சொல்லியிருக்க முடியும்? அன்றுமுதல் வயலில் அவள் சின்னப்புள்ள, வீட்டில் செல்வி. பள்ளியில் ஆசிரியர் வருகைப்பதிவு எடுக்கையில் "செல்வி" என்று அழைப்பார். "உள்ளேன் ஐயா" என்பாள். ஐந்தாம் வகுப்போடு அக்குரலும் நின்றது. பின்னர் சேகோ ஆலையில் குச்சிக்கிழங்கு தோல் சீவும் வேலைக்குச் சென்றாள். அங்கே கூலி நோட்டில் மீண்டும் செல்வி என்று எழுதப்பட்டதை வீட்டுக்கு வந்து சொன்னது நமக்கு நினைவிருக்கிறது.

பெண்குழந்தை பிறப்பதே துயரம் என்று எண்ணிய காலத்தின் பெயர்களும் நம் மாநிலத்தில் உண்டு. போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயரிட்டனர். மராட்டியத்தின் சாத்தாரா மாவட்டத்தில் 'வேண்டாதவள்' என்று பொருள்படும் நகுசா என்னும் பெயரைச் சுமந்த 285 சிறுமியருக்கு 2011 அக்டோபரில் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினர். நம் சேலம் மாவட்டத்துக்கோ பெயரிடுமுன்னே பெண்மகவை அழிக்கும் கொடிய பழி இருந்தது. அதனால்தான் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் இங்கே தொடங்கப்பட்டது. அதே மாவட்டத்தில், ஒரு காணி நிலமும் இல்லாத வீட்டில், பிறந்த பெண்ணைச் செல்வம் உடையவள் என்று அழைத்த பெற்றோரை எண்ணிப் பாருங்கள்.

இளைஞர்க்கு ஒரு நடைமுறைச் செய்தி. தமிழ்ச்செல்வி என்பதை ஆங்கிலத்தில் எழுதுவோர் ஒருவர் எழுதியவாறு மற்றொருவர் எழுதுவதில்லை. மாற்றுச் சான்றிதழில் ஓர் எழுத்துமுறை, சாதிச் சான்றிதழில் வேறொன்று, ஆதாரில் மற்றொன்று எனக் கிடந்து, கல்வி உதவித்தொகை தடைப்பட்ட பிள்ளைகள் பலர். பிறப்பைப் பதிந்தபின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பின்னர் காலதாமதக் கட்டணத்துடன் பதினைந்தாண்டுவரை சேர்க்கலாம். பெயர் சேர்க்கும் அன்றே ஆங்கில எழுத்துகளையும் முடிவுசெய்து, எல்லாத் தாள்களிலும் அதையே பின்பற்றுக.

இன்று முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளுள் செல்வி அரிதாகிவிட்டாள். எண்கணிதம் பார்த்து, ஷகரமும் ஹகரமும் கலந்து பெயரிடுவதே நாகரிகம் என்றாயிற்று. நம் தமக்கையும் சென்ற ஆண்டு தன் பேத்தியை நம் பள்ளியில் சேர்க்க அழைத்து வந்தாள். குழந்தையின் பெயரைக் கேட்டோம். இருமுறை முயன்றும் அவள் வாயில் அது நுழையவில்லை. கைப்பேசியில் மகன் எழுதி அனுப்பியதைக் காட்டினாள். வீட்டில் கண்ணு என்கிறாள், தங்கம் என்கிறாள், சில வேளை தன் பெயரையே சொல்லி அழைக்கிறாள். சின்னப்புள்ள என்று மட்டும் ஒருநாளும் அழைத்ததில்லை.