வெறுங்கால் மீது சுமத்திய பழி

1950ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துக்கு இந்தியா ஏன் செல்லவில்லை? திண்டிவனத்தில் மாலையில் பந்து உதைக்கும் சிறுவனும், 'வெறுங்காலோடு ஆட அனுமதிக்கவில்லை' எனத் தயங்காது விடை பகர்வான். வரலாறு வேறு கூறுகிறது.

வெறுங்கால் உண்மைதான். 1948 ஜூலை 31 அன்று, இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்த நம்மவருள் பெரும்பாலோர் காலணியின்றியே ஆடினர். 70ஆம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அடித்ததே ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல். கிடைத்த இரு பெனால்டிகளும் வீணாயின. அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டவர் சைலன் மன்னா. 2-1 எனத் தோற்றோம். அந்தப் பெனால்டிகளை எண்ணும்போது இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

ஈராண்டுக்குப் பின், தகுதிச் சுற்றில் எதிரணிகள் விலகியமையால் ஆடாமலேயே உலகக் கோப்பையில் இடம் கிடைத்தது. இத்தாலி, சுவீடன், பராகுவே நம் பிரிவிலிருந்தன. பயணச் செலவின் பெரும்பகுதியை ஏற்கப் பிரேசிலும் முன்வந்தது. நம் சம்மேளனமோ மறுத்தது. நிர்வாகிகளுக்கு ஒலிம்பிக்கே பெரிதாய்த் தோன்றியது, உலகக் கோப்பையின் அருமை அன்று தெரியவில்லை என்று, அணித்தலைவராகச் சென்றிருக்க வேண்டிய அதே மன்னா பின்னாளில் கூறினார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினர். யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றனர். அதன் பின்னரே காலணி கட்டாயமாயிற்று.

உலகக் கோப்பை இறுதிச் சுற்றுக்கு ஆடவர் அணி மீண்டும் தகுதி பெறவேயில்லை.