நாதாங்கியும் கம்பிவடமும்

வீட்டுக் காவலையும் வீட்டு இணையத்தையும் இரு வேறு சரக்குகளாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். முன்னதற்குக் கண்காணிப்புக் கேமராவும் பின்னதற்கு ரௌட்டரும் வாங்குகிறோம். இரண்டையும் இரு வேறு ஆட்கள் வந்து பொருத்திவிட்டுப் போகிறார்கள். ஆனால் நாகூரைப் போன்றதொரு கடலோர ஊரின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இவ்விரண்டும் அங்கே ஒரே கதையின் இரு பக்கங்களாக இருந்து வந்துள்ளமை தெரிகிறது. ஆண்கள் கடல் கடந்து வாழ, பெண்களும் முதியோரும் குழந்தைகளும் எஞ்சிய வீடுகள் அவை. தூரத்திலிருப்பவரோடு தொடர்பு அறாமல் இருப்பதும் வாசற்கதவு பத்திரமாக இருப்பதும் அவ்வீடுகளுக்கு ஒரே கவலையாகவே இருந்தன. அக்கவலையின் வரலாற்றைச் சற்றே தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே, வங்கக் கடலை ஒட்டிய ஊர் நாகூர். சாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவும் அதன் ஐந்து மனோராக்களும் இவ்வூரின் அடையாளம். அவற்றுள் 131 அடி உயரமான பெரிய மனோராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் (ஆட்சிக்காலம் 1739–1763). சமவெளியான இக்கரையில் அவ்வளவு உயரம் என்பது கடலிலிருந்து திரும்புவோருக்கு ஊர் நெருங்கிவிட்டதன் அறிகுறி. போனவர்கள் ஊரின் நினைவையும் உடன் எடுத்துச் சென்றார்கள். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. பினாங்கின் சூலியா தெருவிலும் ஒன்றுண்டு. பயணத்தைக் குறிக்கும் 'சபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து, பிழைப்புக்காகக் கடல் கடந்தவனுக்குச் 'சபராளி' என்ற பெயரும் தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் நிலைத்துவிட்டது.

சபராளி விட்டுச் சென்ற வீடு எத்தகையது? கடலோர மரைக்காயர் ஊர்கள் பலவற்றில் வீடு மகளுக்கே உரியது. மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து சேர்வான். ஆகவே கணவன் கடலில் இருந்தாலும் பெண் தன் தாயோடும் சகோதரிகளோடும் சொந்த வீட்டிலேயே இருந்தாள். தெருவை நோக்கித் திண்ணை, அதற்கப்பால் கனத்த மரக்கதவு, உள்ளே முற்றம். கதவுக்குத் தாழ்ப்பாளும் நாதாங்கியும். இரவில் குறுக்கே ஒரு கட்டை. வசதியுள்ளவர்கள் திண்டுக்கல் பூட்டு வாங்கினார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டு வகைகளுள் சாவியைத் திருப்பும்போதே மணியடிக்கும் பூட்டும் ஒன்று. மின்சாரம் ஏதுமின்றி இயங்கிய எச்சரிக்கை மணி என்று அதனைச் சொல்லலாம்.

ஆயினும் பூட்டு மட்டும் அவ்வீடுகளைக் காத்ததில்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரின் கண்ணில் படாமல் அயலான் எவனும் வாசலை நெருங்க முடியாது. தெருவில் யார் எந்த நேரத்தில் எந்த வீட்டுக்கு வந்தார் என்பது தெருவுக்கே தெரியும். செய்தியும் அவ்வாறே மனிதர் கைமாறியே வந்தது. ஊருக்குத் திரும்பும் சபராளி தன் பெட்டியோடு பத்து வீட்டுக் கடிதங்களையும் கொண்டுவந்தான். எழுதத் தெரியாத தாய்க்கு எழுதிக் கொடுக்கவும் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லவும் ஒருவர் இருந்தார். வீட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவே எப்போதும் ஒரு மனிதர் நின்றார் என்பதை இங்கே மனத்தில் குறித்துக்கொள்வோம்.

1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பிவடம் இணைப்புக்கு வந்தது. அதுவரை கப்பலும் காற்றும் வாரக்கணக்கில் சுமந்த செய்தியை அது ஒரே நாளுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் எளியவர்களுக்குத் தந்தி விலை உயர்ந்த பொருள். அவர்கள் வீட்டுக்குத் தந்தி வந்தால் அது பெரும்பாலும் சாவுச் செய்தியே. தந்திச் சேவகன் தெருவில் நுழைந்ததும் யார் வீட்டு வாசலில் நிற்கப் போகிறான் என்று எல்லா வீடுகளும் மூச்சடக்கிக் காத்திருந்த காலம் அது. ஆங்கிலத்தில் வந்த அந்த வரியைப் படித்துச் சொல்ல மீண்டும் ஒருவரைத் தேடிப் போகவேண்டும். துயரச் செய்தி, அதனைத் தாங்கிக்கொள்ள உதவும் ஒருவரின் வாய்வழியாகவே வீட்டுக்குள் புகுந்தது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலை 14இல் நிறைவுற்றது.

தொடர்பு அறுந்தால் வீடு என்னவாகும் என்பதை இக்கரை ஒருமுறை கண்டது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 1945இல் போர் முடியும்வரை மலாயாவிலிருந்து கப்பலோ பணமோ ஒழுங்கான கடிதமோ இல்லை. கதவின் தாழ் இறுக்கமாகவே இருந்தது. வீட்டுக்குள்தான் பாதுகாப்பு இல்லை. சம்பாதிப்பவன் உயிரோடிருக்கிறானா என்று தெரியாத மூன்றரை ஆண்டுகள். அந்த வெறுமைக்கு எந்தப் பூட்டும் மருந்தாகவில்லை.

போருக்குப் பின் கப்பல்கள் மீண்டும் வந்தன. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜுலா'வை அறியாத குடும்பம் அக்காலத்தில் இப்பகுதியில் குறைவு. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் 1970களின் தொடக்கம்வரை உழைத்தது. அதன் இடத்துக்கு வந்த 'சிதம்பரம்' 1984 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அத்தோடு அந்தப் பயணிகள் கப்பல் வழியும் முடிந்தது. அதற்குள் சபராளியின் திசையும் வளைகுடாவுக்கு மாறியிருந்தது. அங்கிருந்து ஒலிநாடாக்கள் வந்தன. எழுத்தறியாதவரும் தம் குரலிலேயே பேசி அனுப்பலாம் என்ற வசதி முதன்முதலாக வாய்த்தது. ஆனால் டேப் ரெக்கார்டர் உள்ள வீடு தெருவில் ஒன்றிரண்டே; மருமகளுக்கென்று கணவன் பேசியதை மாமியாரும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்தே கேட்க நேர்ந்தது.

1984இல் சி-டாட் நிறுவப்பட்ட பின்னர் தொலைபேசி இணைப்பகங்கள் சிற்றூர்களுக்கும் பரவின. மஞ்சள் பலகை தாங்கிய எஸ்.டி.டி. கூண்டுகள் கடைத்தெருவெங்கும் முளைத்தன. குறைந்த கட்டணத்துக்காக இரவில் வரிசை நின்றவர்கள் உண்டு. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெண் பேசி அழுவதைக் கடைக்காரர் பாராதவர் போல இருப்பார். யார் வீட்டில் என்ன பிரச்சினை என்பது அவருக்குத் தெரியும். நல்ல கடைக்காரர் வெளியே சொல்லமாட்டார். இப்படியாக ஊரின் இரகசியங்களுக்குச் சில மனிதர்கள் காவலர்களாக இருந்தார்கள். அந்தக் காவலில் கனிவும் உண்டு, வம்பும் உண்டு. பழங்காலத்தை மட்டுமே புகழ்ந்து நாம் இதனை மறைத்துவிடக் கூடாது. தன் கணவனோடு தனியாக ஒரு வார்த்தை பேசும் உரிமை அந்தப் பெண்ணுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

அந்த உரிமையை அவளுக்குத் தந்தது வீட்டு இணையமே என்பதை மறுப்பதற்கில்லை. 1995 ஆகஸ்டு 15இல் வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. தொலைபேசிக் கம்பி வழியே கீச்சிட்டுக்கொண்டு நுழைந்த அந்த இணைப்பில் ஓர் இடர் இருந்தது. மகன் மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருக்கும் வரையில் வீட்டுத் தொலைபேசி இயங்காது. அவசரத்துக்கு அழைப்பவருக்கு ஓயாத 'பிஸி' ஒலியே கிடைக்கும். 2004இல் அரசு வகுத்த அகலப்பட்டைக் கொள்கை விநாடிக்கு 256 கிலோபிட் வேகத்தை அளவுகோலாக வைத்தது. பேச்சும் தரவும் ஒரே கம்பியில் தனித்தனியே ஓடத் தொடங்கின. 2023இல் அந்த அளவுகோல் 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. இதற்கிடையே 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளத்துக்கு 'ஐ2ஐ' என்னும் ஒளியிழை வடம் இடப்பட்டது. 1871இன் தந்திக் கம்பி கடந்த அதே கடல். ரஜுலா மிதந்த அதே கடல்.

இணைப்பு வீட்டுக்குள் வந்ததும் காவலும் அதன்மேல் ஏறிக்கொண்டது. வீட்டுக் கண்காணிப்புக் கேமராவின் பிறப்பும் தனித்திருந்த ஒரு பெண்ணின் அச்சத்தில்தான் என்பது நமக்கு வியப்பளிக்கும் செய்தி. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன், தானும் கணவரும் வேளைகெட்ட வேளைகளில் வேலைக்குச் சென்றமையால் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தவர். அழைத்தால் போலீஸ் விரைந்து வராத பகுதி. கணவரோடு சேர்ந்து அவர் ஒரு கருவியை வடிவமைத்து 1966இல் விண்ணப்பித்தார். 1969இல் காப்புரிமை கிடைத்தது. கதவின் துளைகளில் மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் திரை, வெளியே நிற்பவரோடு பேச ஒலிவாங்கி, தொலைவிலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான். கதவிடுக்கில் நின்று வந்தவரை இன்னாரென்று அறிந்த பின்னரே நாதாங்கியை எடுத்த நாகூர்ப் பெண்ணின் எச்சரிக்கையையே அது கருவியாக்கியது எனலாம்.

இன்று துபாயில் இருக்கும் மகன் நாகூர் வீட்டின் வாசலைத் தன் கைப்பேசியில் பார்க்க முடிகிறது. பெரும் ஆறுதல்தான். ஆனால் வெளியுலகைப் பார்க்க வைத்த அந்தத் துளை வெளியுலகம் உள்ளே பார்க்கும் துளையாகவும் ஆகக்கூடும். 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமலே விடப்பட்ட கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றி ஒரு படையாக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பல சில மணி நேரம் முடங்கின. பூட்டை வாங்கி மாட்டிவிட்டுச் சாவியை அதிலேயே விட்டுவைத்த கதை. கம்பியில்லா இணைப்பின் பூட்டுகளும் அப்படியே பழுதுபட்டுத் திருந்தியவை. 1997இல் வந்த 'வெப்' என்னும் முறை 2001லேயே உடைபட்டது, 2004இல் 'டபிள்யூ.பி.ஏ. 2', 2018இல் 'டபிள்யூ.பி.ஏ. 3' வந்தன. கடவுச்சொல்லை மாற்றுவது, கேமராவுக்குத் தனி வைஃபை ஒதுக்குவது, ரௌட்டரின் மென்பொருளைப் புதுப்பிப்பது ஆகியவை இரவில் கதவுக்குக் கட்டை போடுவதைப் போன்ற அன்றாட வேலைகளே.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. அண்மைய ஆண்டுகளில் நாடெங்கும் பரவிய 'டிஜிட்டல் கைது' மோசடியை நினைத்துப் பார்ப்போம். காவல்துறை உடையணிந்த ஒருவன் கைப்பேசித் திரையில் தோன்றுகிறான். உங்கள் பெயரில் வழக்கு என்கிறான். யாரிடமும் சொல்லக் கூடாது, அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்கிறான். தனித்திருக்கும் முதியவர் அஞ்சிப் பணத்தை அனுப்பிவிடுகிறார். சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. இத்தகைய குற்றங்களுக்கென 1930 என்ற உதவி எண் இருப்பதும் பலருக்குத் தெரியாது. கதவு உடைபடவில்லை, கேமராவில் எவரும் பதியவில்லை. ஆயினும் வீடு கொள்ளைபோகிறது. தந்தியைப் படித்துச் சொன்ன அந்த மனிதர் நடுவில் இருந்திருந்தால் இந்த வஞ்சகம் முதல் நிமிடத்திலேயே உடைந்திருக்கும். அதனால்தானே மோசடிக்காரன் 'யாரிடமும் சொல்லாதே' என்பதை முதல் நிபந்தனையாக வைக்கிறான்!

கருவிகளுக்கு வேறொரு எல்லையும் உண்டு. 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. மின்சாரம் போனதும் ரௌட்டரும் கேமராவும் கைப்பேசிக் கோபுரமும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்துவிடும். அந்நாட்களில் கதவைத் தட்டி நலம் விசாரித்தவர் அண்டை வீட்டாரே.

தொடர்பே காவலாகிய நாளொன்றும் இக்கடற்கரையின் வரலாற்றில் உண்டு. 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதே காலையில், வடக்கே புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அவ்வூரிலிருந்து அங்கு சென்று வேலை பார்த்த இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு அழைத்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராம அறிவு மையம் ஒன்றை அமைத்து ஒலிபெருக்கியும் வைத்திருந்தது. மையம் பூட்டியிருந்தது. ஊரார் கதவை உடைத்துப் புகுந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின.

அங்கே பணியாற்றியவை எவை என்று பார்க்கவேண்டும். கடல் கடந்த ஓர் அழைப்பு, ஓர் ஒலிபெருக்கி, பூட்டை எப்போது உடைக்கவேண்டும் என்று அறிந்த அண்டை வீட்டார். இவற்றுள் எது ஒன்று குறைந்திருந்தாலும் அந்த ஊர் இல்லை. நாகூர் வீட்டைத் துபாயிலிருந்து பார்க்கும் மகனுக்கும் இது பொருந்தும். தாய் காலையில் முற்றத்துக்கு வரவில்லை என்பதைக் கேமரா அவனுக்குக் காட்டிவிடும். அடுத்து அவன் யாரை அழைப்பான்? எதிர்வீட்டாரின் எண் அவன் கைப்பேசியில் இருக்கவேண்டும். அவர்களிடம் மாற்றுச் சாவி ஒன்றும் இருக்கவேண்டும்.